'இறைவா உமக்கே புகழ்' திருமடல்: முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம்

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' ('இறைவா உமக்கே புகழ்') திருமடல், அதாவது படைப்பையும் சுற்றுச்சூழலையும் பேணுவது பற்றிய திருத்தந்தையின் போதனைக் கடிதம், 6 அதிகாரங்களும் 246 பத்திகளும் கொண்டது. தனியாகப் படிக்கலாம், ஆனால் குழுவாகப் படிக்கத்தான் இது அதிகம் பொருந்தும். வரிசையாகப் படித்தால் மட்டும் சிக்கல்.

முதல் அதிகாரம் (பத்திகள் 17–61) மாசு, தண்ணீர், அழியும் உயிரினங்கள் என்று நிலவரம் சொல்கிறது. விவாதம் இங்கேயே சூடுபிடித்துவிடும். 55ஆம் பத்தியில் ஏசி பற்றி வரும் வரி போதும், அன்றைய நேரம் முழுவதையும் தின்றுவிடும். இறையியலைத் தொடுமுன்பே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். அதனால் முன்னுரை (1–16), இரண்டாம் அதிகாரம் (62–100), ஆறாம் அதிகாரம் (202–246) என்று போய்விட்டு முதல் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். ஓர் அமர்வுக்குப் பத்துப் பத்தி தாராளம்.

நூலின் முதுகெலும்பு 67ஆம் பத்தி. விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூல் 1:28இல் உள்ள 'ஆளுங்கள்' என்ற சொல்லைக் காட்டி மண்ணைச் சுரண்டுவதற்கு, 2:15இல் வரும் 'பண்படுத்தவும் பாதுகாக்கவும்' என்பதே பதில் என்கிறது. எபிரேயத்துக்குள் இறங்காமல் விட்டது குறைதான். 'பாதுகாக்க' என்பதற்கு அங்கே உள்ள வினை ஷாமர். "நான் என் சகோதரனுக்குக் காவலாளியோ?" என்று, தம்பியைக் கொன்ற காயின் கேட்பதும் (4:9) அதே வினையில்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், தோட்டக்காவலும் சகோதரக்காவலும் ஒரே வேலை என்பது பிடிபடும். வழிநடத்துபவர் இதைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

12ஆம் பத்தியைத் தவறவிடாதீர்கள்: மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விடச் சொன்னாராம் இடைக்காலப் புனிதர் அசிசி பிரான்சிஸ், காட்டுப்பூக்கள் தாமாக முளைக்கட்டும் என்று. 233ஆம் பத்தியின் அடிக்குறிப்பில் ஒரு சூஃபி (இஸ்லாமிய மறைஞான மரபு) ஞானி மேற்கோள் காட்டப்படுகிறார். திருமடலில் இது அபூர்வம்.

கிறிஸ்துவுக்கும் படைப்புக்கும் உள்ள உறவுக்கு 96–100 என ஐந்தே பத்தியைத் தனியாக ஒதுக்கியது போதாது. படைப்பு முழுவதும் வேதனையில் தவிக்கிறது என்று சொல்லும், 2ஆம் பத்தி தொட்டுச்செல்லும் உரோமையர் 8:22ஐ, 19–23 முழுவதுமாக வாசித்து அந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் அதிகாரம் மாநாடுகளும் ஒப்பந்தங்களுமாக இழுக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

முடிவில் இரண்டு மன்றாட்டுகள் உண்டு. பல சமயத்தார் கூடும் குழு என்றால் முதலாவதைச் சொல்லுங்கள். இரண்டாவது கிறிஸ்தவர்களுக்கென்றே எழுதப்பட்டது.