கிரிம்சன் சேரின் வகுப்பும் அம்மாவின் இடுப்பெலும்பும்

இரண்டு இலவசப் பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கும் கணினி அறிமுகப் பாட வீடியோக்கள். மற்றது, ஸ்கான் படங்களை முப்பரிமாணமாகக் காட்டும் த்ரீ டி ஸ்லைசர் என்ற மென்பொருள். முதலாவதைப் படிப்பிக்கத் தேடினேன். இரண்டாவதை அம்மாவுக்காகத் தேடினேன். இரண்டிலும் ஒரே பேராசிரியரின் கை இருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் பைதன் என்ற நிரலாக்க மொழி வந்தபோது எனக்கும் அது புதிது. எம்.ஐ.ரி.யில் எரிக் கிரிம்சன், ஜோன் குட்டாக் இருவரும் 2008 இல் எடுத்த வகுப்புகளின் பதிவுதான் கைகொடுத்தது. முதல் வகுப்பிலேயே வர்க்கமூலம் காணும் பழைய கிரேக்க முறையைக் கிரிம்சன் விளக்குவார். ஒரு விடையை ஊகி. அதை அதனாலேயே பெருக்கிப் பார். சரிவராவிட்டால், எண்ணை ஊகத்தால் வகுத்து, வந்ததற்கும் ஊகத்துக்கும் சராசரி எடு. திரும்பவும் பார். 25 இற்கு 3 என்று தொடங்கினால் அடுத்தது 5.67, அதற்கடுத்தது 5.04, மூன்றாம் தடவை கிட்டத்தட்ட 5 இல் போய் நின்றுவிடும். நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பைதனை இதிலிருந்துதான் தொடங்குகிறேன். ஆங்கிலம் கொஞ்சம் வேகம்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பிடிபடும்.

கார்த்திகை மழையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. சி.ரி. ஸ்கான் எடுத்த இடத்தில் பிலிமை மட்டும் தந்தார்கள். அந்தப் படங்களைப் பதிந்த சீ.டி. தட்டுக்கு இரண்டு தரம் அலைந்தேன். ஸ்கான் எடுக்கும் அன்றைக்கே சீ.டி.யையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து அம்மா இப்போது வோக்கரோடு நடக்கிறா. ஆனால் எங்கே உடைந்தது, என்ன பூட்டினார்கள் என்று யார் சொல்லியும் அவவுக்கு விளங்கவில்லை. அதற்காகத்தான் ஸ்லைசரை இறக்கினேன்.

சீ.டி.யில் இருந்த கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டால் போதும், ஸ்கானை வாசித்துவிடுகிறது. உடம்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி ஏறக்குறைய 400 வெட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் 512 க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைற்று. மொத்தம் 200 மெகாபைற்று. ஒவ்வொரு புள்ளியிலும் அந்த இடம் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு எண் இருக்கும். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, எலும்பு சில நூறுகள். ஆக, எந்த எண்ணுக்கு மேலே உள்ளதை எலும்பு என்று எடுப்பது என்று ஒரு எல்லையை நாங்கள் சொல்ல வேண்டும். கணினிக்கு எலும்பும் தெரியாது, சதையும் தெரியாது.

எல்லையைச் சொன்ன பிறகு நடப்பது முழுக்கக் கேத்திரகணிதம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எட்டைச் சேர்த்தால் ஒரு சின்னக் கனசதுரம். எட்டு மூலையில் ஒவ்வொன்றும் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்தால் மொத்தம் 256 விதம். சுழற்றிப் பார்த்தாலோ உள்ளே வெளியேயை மாற்றிப் போட்டாலோ ஒன்றுபோல வருபவற்றைச் சேர்த்துவிட்டால் 15 தான். ஒவ்வொரு விதத்துக்கும் எப்படி முக்கோணம் போடுவது என்று அட்டவணை இருக்கிறது. லொரென்சன், கிளைன் என்ற இருவர் 1987 இல் வெளியிட்ட முறை இது. அப்படிக் கோடிக்கணக்கான கனசதுரங்களைக் கடந்து முக்கோணங்களை ஒட்டியதும் திரையில் அம்மாவின் இடுப்பு சுழன்றது.

முதலில் 250 என்று எல்லை வைத்தேன். உடைவு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இடுப்பின் அகன்ற பகுதியில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஓட்டைகள். அம்மா கிட்ட வந்து பார்த்துவிட்டு, "என்னகா இது, கறையான் அரிச்ச மாதிரிக் கிடக்கு" என்றா. எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் எலும்பு இயல்பிலேயே மெல்லிசு, வயதோடு அடர்த்தியும் குறையும். மெல்லிய எலும்பும் பக்கத்துச் சதையும் ஒரே புள்ளிக்குள் கலந்தால் சராசரி எண் இறங்கிவிடும். 150 க்குக் குறைத்தேன். ஓட்டைகள் மூடிக்கொண்டன, ஆனால் ஸ்கான் மேசையும் கூடவே முளைத்தது. அதைக் கத்தரிக்கோல் கருவியால் வெட்டி எடுத்தேன். மறுநாள் டாக்குத்தரிடமும் கேட்டேன், ஓட்டைகள் பற்றி அதையேதான் சொன்னார். இதை எழுதுவதற்கு முக்கிய காரணமே இதுதான்: படம் அழகாக வருகிறது என்று நீங்களாக நோய் தீர்மானிக்க வேண்டாம். ஸ்லைசர் ஆய்வுக்கான மென்பொருள், சிகிச்சைக்கு அனுமதி பெற்றதல்ல என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அன்றிரவு இதைச் செய்தது யார் என்று தேடினேன். 1998 இல் பொஸ்ரனில் ஒரு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைத் திட்டமிடல் ஆய்வுகூடமும் எம்.ஐ.ரி.யும் சேர்ந்து, ஒரு மாணவரின் முதுமாணி ஆய்வாகத் தொடங்கிய வேலை. 1999 இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அந்த ஆய்வுகூடத்தின் ரொன் கிக்கினிஸ் பெயருக்குப் பக்கத்தில் எரிக் கிரிம்சன். எங்கள் வர்க்கமூலக் கிரிம்சன் சேர்! கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். கணினி எப்படி ஒரு பொருளை அதன் வடிவத்தை வைத்து அடையாளம் காணும் என்று ஆராய்ந்துவிட்டு, அதையே மூளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்கிறார். நோயாளியின் தலைத்தோலை லேசர் கதிரால் அளந்து, அந்தப் புள்ளிகளை ஸ்கானில் உள்ள தோலோடு பொருத்துகிற வேலை. பொருத்திப் பார், எவ்வளவு விலகியிருக்கிறது என்று அள, கொஞ்சம் நகர்த்து, திரும்பவும் பார். நான் எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் எழுதிய அதே ஊகமும் திருத்தமும் அங்கே மண்டையோட்டுக்கு மேலே நடந்திருக்கிறது. அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை சொல்வதானால், மெனுக்கள் ஒரு காடு. எந்தக் கருவி எங்கே என்று தெரிய எனக்கு நாலு இரவு போயிற்று. 8 ஜீபி நினைவகம் உள்ள என் லப்டொப் இரண்டு தரம் உறைந்து நின்றது. வெட்டுப் படங்களைக் குறைத்து ஏற்றிய பிறகுதான் ஓடியது.

வகுப்புக்கு நல்ல பொருள். உள்ளேயே பைதன் இருக்கிறது, மாதிரி ஸ்கான்களும் இருக்கின்றன. சொந்தக்காரரின் ஸ்கானைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தேவையில்லை. மாதிரி நெஞ்சு ஸ்கானை எடுத்து, கழித்தல் 500 க்குக் கீழே எத்தனை புள்ளி என்று எண்ணி நுரையீரலின் கனவளவைக் காணச் சொன்னேன். நம்ப முடியாத பெரிய விடை வந்தது. ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், உடம்புக்கு வெளியில இருக்கிற காத்தையும் எண்ணிட்டம்" என்றாள். அந்த வகுப்பை மணி அடித்தும் யாரும் விட்டுப் போகவில்லை.

ஸ்லைசரின் கோப்பு பெரிது, டேட்டா போட்டு இறக்குவது செலவு. என் பென் டிரைவில் இருக்கிறது. பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து கொப்பி பண்ணிக்கொள்ளுங்கள். அம்மாவும் தன் இடுப்பைக் காட்டுவா.