ஏற்காட்டில் இரண்டு நாள் விழுமியப் பயிலரங்கு: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

நமக்கு எது முக்கியம் என்று தெளிந்துகொண்டு, அதன்படி அன்றாடம் நடக்கப் பழகினால் செக்குமாடு போலச் சுற்றும் வாழ்க்கையிலிருந்து வெளியே வரலாம் என்று சொல்லி, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட வீட்டில் வார இறுதிகளில் பயிலரங்கு நடத்துகிறார்கள். தங்கும் அறையும் உணவும் சேர்த்து ஒருவருக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வருபவர்களில் பெரும்பாலோர் சேலத்தில் வேலையோ தொழிலோ செய்பவர்கள். என் கணிப்பில், இரண்டாம் நாள் காலை மட்டுமே அந்தப் பணத்துக்கு ஈடு. முதல் நாள் நடப்பதை வீட்டிலேயே செலவின்றிச் செய்துகொள்ளலாம்.

முதல் நாள் முழுவதும் அட்டை பிரிப்பதிலேயே போய்விடுகிறது. நேர்மை, சுதந்திரம், குடும்பம், கைத்திறன், பக்தி என்று ஒவ்வொன்றும் எழுதிய அட்டைக் கட்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை என்று மூன்று குவியலாக்கச் சொல்கிறார்கள். பிறகு முதல் குவியலைக் கழித்துக் கழித்து ஐந்துக்குக் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட 83 அட்டைகளைத் தழுவியது இது. அந்த மூல அட்டைகளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பயிற்சியாளர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லாமல், தாங்களே கண்டுபிடித்ததைப் போலப் பேசியது எனக்கு உவப்பாக இல்லை. அத்துடன், பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்ற கூச்சத்தில் எல்லோருமே குடும்பத்தையும் நேர்மையையும் மேலே வைத்தார்கள். செல்வம் என்ற அட்டையை மேலே வைத்தவர் ஒருவர்கூட இல்லை. வெள்ளி வியாபாரியும் நூல் வியாபாரியும் கணக்கெழுதும் நானும் உட்கார்ந்திருந்த அறையில் இது நம்பக்கூடியதாக இல்லை.

இரண்டாம் நாள் காலையில்தான் விஷயம் பிடிபடுகிறது. ஒரு பெரிய தாளைக் கொடுத்து, கடைசியாக வேலைக்குப் போன நாளை எழுந்தது முதல் படுத்தது வரை அரைமணி அரைமணியாக எழுதச் சொல்கிறார்கள். எழுதி முடித்தபின், முந்தைய நாள் தேர்ந்த ஐந்தில் எதற்காக அந்த அரைமணி செலவானது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். என் மேசையில் இருந்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். கைத்திறனை முதலாவதாகத் தேர்ந்தவர். அவருடைய தாளில் ஷட்டரைத் தூக்கியது, ஆர்டர் எடுத்தது, வெள்ளி எடை போட்டது, பாக்கி கேட்டு ஃபோன் பேசியது எல்லாம் இருந்தன. கைத்திறனுக்கு எதிரே ஒரு கோடுகூட விழவில்லை. “அண்ணா, நீங்களே உக்காந்து பத்தவச்சு எவ்வளவு நாளாச்சுங்க?” என்று பயிற்சியாளர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “அதுக்குத்தான் ஆள் வச்சிருக்கேனுங்களே” என்றார். ஆனால் தாளை மடித்து வைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக, தேர்ந்த விழுமியத்தை ஒரு செயலாகவும் ஒரு வேளையாகவும் மாற்றி எழுத வைக்கிறார்கள். “இனி கைத்திறனுக்கு மதிப்புக் கொடுப்பேன்” என்று எழுதினால் திருப்பித் தந்துவிடுகிறார்கள். “பட்டறை விளக்கைப் போட்டதும், ஃபோனைத் தொடும் முன், ஒரு ஜோடிக்கு என் கையால் கொக்கி பற்றவைப்பேன்” என்று எழுதினால்தான் ஏற்கிறார்கள். இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்த முறை. நான் எழுதியது, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், கைபேசியை அடுத்த அறையில் விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்வது. சாதாரண நாள்களில் இது இன்றுவரை நிற்கிறது. மாதந்தோறும் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. தாக்கல் நெருக்கும்போது ஆட்டம் காண்கிறது. அப்படிப்பட்ட நாள்களுக்கென்று சின்னதாக ஒரு மாற்றுச் செயலை அங்கேயே எழுத வைத்திருக்கலாம்.

விடைபெறும்போது தரும் நோட்டு அழகாக இருக்கிறது, அமைப்புதான் சரியில்லை. ஐந்து விழுமியங்களுக்கும் தினமும் இரவில் கட்டம் நிரப்பச் சொல்கிறது. இந்த வகை நோட்டுகளுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 13 நற்குணங்களை எழுதிவைத்து, வாரத்துக்கு ஒன்றில் மட்டுமே முழுக் கவனம் வைத்தார். அப்படியே ஆண்டுக்கு நான்கு சுற்று வரும். ஆகவே நான் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு மற்ற நான்கையும் வெறுமையாக விடுகிறேன்.

பெரிய குறை வேறு. நாம் தேர்ந்த இரண்டே ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது என்பதற்குப் பயிலரங்கில் இடமே இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பதவி உயர்வை ஏற்றால் வெளியூர் போக வேண்டும், மறுத்தால் தன் வளர்ச்சி நின்றுவிடும், இரண்டுமே தன் ஐந்தில் இருக்கின்றன என்றார். மனம் சொல்வதைக் கேளுங்கள் என்று பதில் சொல்லிவிட்டு, தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டார்கள். மனம் இரண்டையும் சொல்வதால்தானே அவர் கேட்டார்? முதல் நாள் அட்டை விளையாட்டைப் பாதியாகக் குறைத்து, மீந்த நேரத்தை இதற்குக் கொடுத்தால் இந்தப் பயிலரங்கின் தரமே மாறிவிடும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்கள் இதைச் சிகிச்சையாக எண்ணி வரக்கூடாது; அவர்கள் மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். பதிவுப் படிவத்தில் இதற்கு ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டைக் குறை சொல்ல எதுவுமில்லை. தோட்டத்து மிளகு போட்ட ரசத்தை மறுபடி கேட்டு வாங்கினோம். அறைகள் சுத்தமாக இருந்தன, வெந்நீர் மட்டும் காலையில் தாமதமாக வந்தது. காரில் போகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பகல் வெளிச்சத்திலேயே ஏறிவிடுவது நல்லது. மே மாதத்தில் கோடை விழாக் கூட்டத்தால் சாலையும் நெருக்கடியாக இருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும் என்பதால், ஜூனுக்குப் பிறகு வரும் தேதிகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.