விழாச் சான்றிதழுக்கு ஃபான்ட் வாங்குகிறீர்களா? படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

விழாச் சான்றிதழ்களில் பெயர்களை ஆங்கிலக் கூட்டெழுத்தில் (கர்சிவ்) அச்சடிக்க, இணையத்தில் ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு ஃபான்ட் வாங்கினேன். நன்றாக ஏமாற்றிவிட்டார். இதே வேலைக்கு ஃபான்ட் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

விளம்பரப் படம் கண்ணைப் பறித்தது. பெரிய எழுத்துகளில் நீண்ட சுழிப்புகள், சின்ன எழுத்துகளோ பேனாவை எடுக்காமல் எழுதியதுபோல ஒரே ஓட்டம். கைக்கு வந்த ஃபைலில் சுழிப்பு வடிவம் ஒன்றுகூட இல்லை. எண்களும் இல்லை. தேதியைத் தட்டினால் அது மட்டும் வேறு ஃபான்டில், தடித்தடியாக வந்து நின்றது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, எழுத்துகள் சேரும் இடம். கூட்டெழுத்தில் பெரும்பாலான எழுத்துகள் அடிக்கோட்டில் முடிந்து அடுத்ததைத் தொடும். சின்ன எழுத்துகளில் பி (b), ஓ (o), வி (v), டபிள்யூ (w) ஆகிய நான்கும் மேலே முடியும். அதனால் ஓ-வுக்குப் பின் ஆர் வந்தால், அந்த ஆர் மேலிருந்து தொடங்கும் வேறு வடிவத்துக்குத் தானாக மாற வேண்டும். ஓபன்டைப் என்ற ஃபைல் வகையில் வரும் நல்ல ஃபான்டில் இதற்கான விதிகளை உள்ளேயே எழுதியிருப்பார்கள். நான் வாங்கியதில் ஓ ஒரு பக்கம், ஆர் ஒரு பக்கம், நடுவில் பளிச்சென்று ஓர் இடைவெளி. ஃபான்ட் வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1965-இல் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற கூட்டெழுத்து ஃபான்டை வரைந்தபோதே கோடுகள் பிசிறில்லாமல் சேர்வதற்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். அந்த உழைப்புக்குத்தானே நாம் காசு கொடுக்கிறோம்?

சந்தேகப்பட்டு ஃபைலின் தகவல் பகுதியைத் திறந்தேன். வேறொரு வடிவமைப்பாளரின் பெயர், அதற்குக் கீழே 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரி. ஒருவர் இலவசமாகக் கொடுத்த மாதிரிப் பதிப்புக்கு வேறு பெயர் சூட்டி, அவருடைய முழுப் பதிப்பின் படத்தையே விளம்பரமாகப் போட்டு விற்றிருக்கிறார்கள். அதாவது, அச்சுக்கு அனுப்பியிருந்தால் உரிமத்தை மீறிய பழி என் தலையில் விழுந்திருக்கும். விற்றவரிடம் கேட்டேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம் என்று ஒரு வரி. அப்புறம் பதிலே இல்லை.

முழுப் பதிப்பை உண்மையான வடிவமைப்பாளரிடமே பிறகு வாங்கினேன். அங்கே பணம் கட்டும் முன்பே நமக்கு வேண்டிய பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு பெட்டி இருக்கிறது. ஃபான்ட் விற்கும் ஒழுங்கான தளங்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. மேலே சொன்ன நான்கு எழுத்துகளும் வரும் பெயர்களாகப் பார்த்துத் தட்டுங்கள், எண்களையும் தட்டுங்கள். உரிமத்தில் அச்சு, விற்பனை, இணையம் எது எதற்கு அனுமதி என்பதைப் படியுங்கள், பல இடங்களில் இவை தனித்தனி உரிமங்கள். தட்டிப் பார்க்க வழியே இல்லாமல் படத்தை மட்டும் காட்டுகிறவரிடம், உங்கள் பட்டியலிலிருந்து இரண்டு பெயர்களை அமைத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.