ஆட்ரியமா, காட்டுப் பள்ளியா: பராமரிப்பை வைத்து ஓர் அலசல்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு குழு தொடங்கப் பேசியபோது, பாடப்புத்தகமும் மனப்பாட ஜெபமும் வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒரே குரல். விளையாட்டு வேண்டும், மண்ணும் செடியும் கைக்கு எட்ட வேண்டும் என்பதிலும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் கட்சி பிரிந்தது. ஒரு பக்கம் நல்லாயன் மறைக்கல்வியின் ஆட்ரியம், மறுபக்கம் கூரையே இல்லாத காட்டுப் பள்ளி. நான் ஆட்ரியத்துக்குக் கை தூக்கியவள், இன்றும் அந்தப் பக்கம்தான். எனவே இதில் நடுநிலையைத் தேட வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நல்லாயன் மறைக்கல்வி 1954இல் ரோமில் தொடங்கியது. எபிரேய மொழி அறிஞர் சோஃபியா கவல்லெத்தியும் மாண்டிசோரி ஆசிரியை ஜான்னா கோபியும் சேர்ந்து உருவாக்கினார்கள். அது நடக்கும் அறைக்குத்தான் ஆட்ரியம் என்று பெயர். பிள்ளையின் தோள் உயரத்துக்கு அலமாரிகள். அவற்றில் குட்டிப் பீடம், குட்டி இரசக்கிண்ணம், வேலியோடு ஓர் ஆட்டுக்கிடை, மர ஆயன், ஆடுகள். பெரியவர் நற்செய்திப் பகுதியை வாசித்து, உருவங்களை மெல்ல நகர்த்திக் காட்டி, ஓரிரு கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார். அதன்பின் பிள்ளை எதை வேண்டுமானாலும் எடுத்து எவ்வளவு நேரமும் செய்யலாம். காட்டுப் பள்ளி 1950களில் டென்மார்க்கில் எலா ஃப்ளாத்தாவ் என்ற தாய் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குள் கூட்டிப்போனதில் முளைத்தது. ஜெர்மனியில் ஃப்ளென்ஸ்பர்க்கில் 1993இல் அரசு அங்கீகாரம் பெற்றது. பொம்மை கிடையாது. குச்சி, கல், சேறு, அவ்வளவுதான். கிறிஸ்தவக் குழுக்கள் இதோடு காலை ஜெபம், நன்றிப் பாடல், மரத்தடியில் ஒரு வேதாகமக் கதை என்று சேர்த்துக்கொள்கின்றன.

வால்டார்ஃப் கல்வி முறையும் பேச்சில் வந்தது. பருவத்துக்கேற்ப இலை, பூ, காய் என்று அலங்கரிக்கும் அதன் பருவகால மேசை, பண்டிகைகளைச் சுற்றி ஓடும் ஆண்டு, பரபரப்பில்லாத நாள் எல்லாமே அழகு. ஆனால் அடித்தளத்தில் ருடால்ஃப் ஸ்டைனரின் ஆந்த்ரொபோசபி என்ற ஆன்மிகத் தத்துவம் இருக்கிறது. அதைத் திருச்சபையின் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று பங்குத்தந்தை கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பருவகால மேசையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். அருட்சாதனங்கள் அவ்வளவாக மையத்தில் இல்லாத சபைகளுக்கு ஜெரோம் பெரிமன் வளர்த்த காட்லி ப்ளே என்ற வேதாகமக் கதைசொல்லும் முறை பொருந்தலாம். ஒரு பெட்டி மணல்தான் பாலைவனம், அதில் மர மனிதர்கள் நடக்கிறார்கள். அதையும் நான் பார்த்ததோடு சரி, நடத்தியதில்லை.

காற்று, வெயில், ஓட்டம், உடல் வலு ஆகியவற்றில் காட்டுப் பள்ளிக்கே வெற்றி, வாதமே இல்லை. அமைதியிலும் ஒன்றிப்போய் வேலை செய்வதிலும் ஆட்ரியம். தொடக்கச் செலவு ஆட்ரியத்துக்கு அதிகம். இவற்றை எண்ணிப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை என்பது என் எண்ணம். எனக்குத் தீர்மானமாக நின்றது பராமரிப்பு: யார் செய்கிறார்கள், அதைச் செய்வதால் என்ன நடக்கிறது.

ஆட்ரியத்தில் பராமரிப்பு கண்ணுக்கு நேராகத் தெரியும், அதனாலேயே பலர் பயப்படுகிறார்கள். ஆடுகளின் காது உடையும், வண்ணம் உரியும், பீடத்துணியில் மெழுகு சொட்டும். ஒரு வேலைக்கான தட்டில் ஒரே ஒரு பொருள் குறைந்தாலும் அந்த வேலை முழுதும் நின்றுவிடும். பொருள்களைக் கடையில் வாங்காமல் கையால் செய்வதுதான் இந்த முறையின் வழக்கம் என்பதால், உடைந்ததை நாமேதான் ஒட்ட வேண்டும். (கிடையில் ஓர் ஆடு காணாமல் போனால் பிள்ளைகளே அறை முழுக்கத் தேடுவார்கள். அன்றைக்குக் காணாமல் போன ஆட்டின் உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.)

ஆனால் பெரும்பாலான வேலையைப் பிள்ளைகளே செய்கிறார்கள். பித்தளை துலக்கும் தட்டு ஒன்று இருக்கிறது: விரிக்க ஒரு துணி, ஒரு சொட்டு பாலிஷ், பஞ்சு, துடைக்க இன்னொரு துணி. நான்கு வயதுச் சிறுமி மெழுகுவர்த்தித் தண்டை அடியிலிருந்து மேலே துலக்குகிறாள். பஞ்சு கறுத்ததும் அதை என்னிடம் தூக்கிக் காட்டுகிறாள். பிறகு பளபளத்த இடத்தில் தன் மூக்கு வீங்கித் தெரிவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறாள். பூ வைப்பதும் அப்படியே. காம்பை நறுக்கி, புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, குவளையை ஜெப மேசைக்குச் சுமந்து போக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்தால் பச்சைத் துணியை மடித்து வைத்து ஊதாத் துணியைப் பவனியாகக் கொண்டுவருவதும் அவர்கள்தான். நமக்குப் பராமரிப்பாகத் தெரிவது அவர்களுக்கு விளையாட்டு, கொஞ்சம் கழித்து வழிபாடும்.

காட்டுப் பள்ளியில் பராமரிப்பே இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அலமாரி இல்லை, துடைக்க ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் பலத்த காற்றடித்த மறுநாள் தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். நச்சுச் செடி, காளான், உண்ணி, கழிப்பிடம், சுமந்து போகும் தண்ணீர், நனைந்தால் மாற்றுடை, இவற்றில் எதையும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் விட முடியாது. பராமரிப்பு முழுவதும் பெரியவர் தலையில். அவர் கண் எந்நேரமும் தலை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கையைச் சேர்க்கும் இடத்தில் வருகிறது. காட்டில் எதுவும் தானாக நற்செய்தி பேசாது. பேச வேண்டியவர் பெரியவர். கிறிஸ்தவக் குழு ஒன்றோடு வெளியே போனபோது கவனித்தேன். ஒரு வண்டு மல்லாந்து கிடந்தது. பிள்ளைகள் குந்தியிருந்து அதன் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "இதை யார் படைச்சது?" என்றார் கூட வந்தவர். "கடவுள்" என்று எல்லாரும் சொன்னார்கள், தலையைத் தூக்காமலே. விடை தெரிந்த கேள்வி அது; கேட்டவரும் அதற்குமேல் எங்கே போவதென்று தெரியாமல் பாட்டுக்கு மாறிவிட்டார். பழகிய ஆள் என்றால் வாயை மூடிக்கொண்டு தானும் குந்தியிருப்பார். அப்படிப்பட்டவர் விலகிப் போனால் அவரோடு பள்ளியும் போய்விடும். ஆட்ரியத்தில் பொருள்களே பெரியவரைக் கட்டிப்போடுகின்றன. கடுகு விதை உவமைக்கு ஒரு சிறு பெட்டியும் அதில் கொஞ்சம் விதையும்தான். விரல் நுனியில் ஒன்றை ஒட்டவைத்துக் காட்டி, இது மரமாக வளரும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டால் நம் வேலை முடிந்தது. அதற்குமேல் பிரசங்கம் செய்ய இடமில்லை.

அப்படியானால் இயற்கை வெறும் பெட்டிக்குள்தானா என்று காட்டுக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். கோதுமை மணியைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு தொட்டியாகக் கோதுமை விதைத்து வைப்போம். உரிய நாளில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு நாற்றை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வரிசையாக வைத்துப் பார்ப்பது. கடைசியாக விதைத்த இளம் நாற்றில் மணி கெட்டியாக இருக்கும். முதலில் விதைத்ததில் உள்ளதை நசுக்கினால் வெறும் தோல். மேலே பச்சை, கீழே வேர். "உள்ளே இருந்தது எங்கே போச்சு?" என்று ஒரு பையன் வெற்றுத் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த வழி பழையது. மாண்டிசோரி முறையைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி 1910களில் பார்சலோனாவில் நடத்திய முயற்சியில் பிள்ளைகள் நற்கருணை அப்பத்துக்காகக் கோதுமையும் இரசத்துக்காகத் திராட்சையும் பயிரிட்டார்கள். அதற்கும் முன்னால் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃபிரோபெல், ஒரு போதகரின் மகன், பிள்ளைக்கொரு பாத்தி கொடுத்தார். இயற்கையில் இறைவனின் ஒருமையைக் காணலாம் என்ற அந்த மனிதரின் கிண்டர்கார்ட்டன்களை நாத்திகம் என்று சொல்லி 1851இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. தடை நீங்க 1860 ஆயிற்று.

காட்டுப் பள்ளிக்கு நியாயம் செய்யவும் வேண்டும். உட்காரவே முடியாத பிள்ளைகள் சிலர் ஆட்ரியத்தில் திணறினார்கள். வெளியே விட்டதும் ஒரு கட்டையைத் தூக்கவே ஐந்து பேர் சேர்ந்து திட்டம் போட்டார்கள். கூடி விளையாடுவது என்று பார்த்தால் ஆட்ரியம் கொஞ்சம் ஒல்லிதான்; அங்கே பிள்ளைகள் அதிகமும் தனித்தனியாக வேலை செய்கிறார்கள். அதனால் அறைக் கதவுக்கு வெளியே ஒரு பாத்தியும் ஒரு மண் குவியலும் வைத்து, கதவைத் திறந்தே விட்டோம். பயிற்சியும் சும்மா இல்லை. மூன்று முதல் ஆறு வயதுக்கான முதல் நிலைக்கே சுமார் 90 மணி நேரம் உட்கார வேண்டும். பயிற்சி பெற்றவர் போய்விட்டால் ஆட்ரியமும் தளரும், ஆனால் அலமாரி நிற்கும். புதியவர் குறிப்பேட்டைப் பார்த்து ஓரளவு பிடித்துக்கொள்ளலாம். ஆறு வயதுக்கு மேல் இது எப்படிப் போகும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு எந்த அளவு ஒத்துவரும் என்பதில் என் அனுபவம் மிகவும் குறைவு, அவர்களோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

அறை கிடைக்கவில்லை, ஒரு அலமாரிதான் என்றால் ஆட்டுக்கிடையையும் கடுகுப் பெட்டியையும் பித்தளை துலக்கும் தட்டையும் முதலில் செய்யுங்கள். பீடம் பிறகு வரட்டும். பாலிஷ் புட்டியை மட்டும் உயரத்தில் வையுங்கள்; தட்டுக்குத் தேவையான சொட்டை நீங்களே ஊற்றிக் கொடுங்கள்.