காற்றைக் கேட்பதா, டிரைவரைக் கேட்பதா?

ஏற்காட்டில் வைஃபை மந்தமானால் பழி முதலில் பனிமூட்டத்தின் மேல் விழும். பாவம் பனி. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அது பெரிதாகத் தொடுவதே இல்லை. மழையில் நனைந்த சில்வர் ஓக் இலைகள்தான் சிக்னலைத் தின்கின்றன. எஸ்டேட் பங்களாவுக்கும் காபிப் பழம் உரிக்கும் கொட்டகைக்கும் நடுவே அப்படியொரு மர வரிசை இருந்தால், வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரின் ரேட் கன்ட்ரோலுக்கு, அதாவது எந்த வேகத்தில் அனுப்புவது என்று முடிவு செய்யும் பகுதிக்கு, ஓயாத வேலை. சேலம் அஞ்சு ரோட்டில் ஒரே மேசையில் இரண்டு ரவுட்டரை வைத்துச் சோதித்தால் எல்லாம் பெரும்பாலும் உச்ச வேகத்திலேயே ஓடும், பிழை தலைகாட்டாது.

சரி, இலை காய்ந்து வெயில் அடித்த பிறகும் வேகம் ஏறாமல் தரையிலேயே கிடக்கிறது. ரவுட்டரில் லினக்ஸ், அதன் வைஃபை அடுக்கான மேக்80211, வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் அல்காரிதமான மின்ஸ்ட்ரல் எச்டி (minstrel_ht). எங்கிருந்து பிடிப்பது?

பலருக்கும் கை முதலில் போவது பிரிண்ட்கேயிடம் (printk, கெர்னலுக்குள்ளிருந்து செய்தி அச்சிடும் கட்டளை). அந்தச் செய்தி வெளிவரும் சீரியல் கன்சோல் நொடிக்கு 115200 பிட்டில் ஓடினால் 80 எழுத்து வரி ஒன்று போய்ச் சேர ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட். 1500 பைட் ஃபிரேம் (வைஃபை அனுப்பும் ஒரு தரவுப் பொட்டலம்) 65 எம்பிபிஎஸ்ஸில் காற்றில் இருப்பது சுமார் 0.2 மில்லிசெகண்ட்தான். நாம் பார்க்கப் போன டைமிங்கை நாமே கெடுத்துவிடுகிறோம். அச்சிட்டே தீர வேண்டுமென்றால் டிரேஸ் பிரிண்ட்கே. அது நினைவகத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்குள்தான்: கெர்னல் தன் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள ஆர்சி ஸ்டாட்ஸ் (rc_stats) அட்டவணை, மானிட்டர் மோடில், அதாவது இன்னொரு கார்டால் காற்றில் போகும் எல்லா ஃபிரேமையும் ஒட்டுக்கேட்டு, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பார்ப்பது.

ஆர்சி ஸ்டாட்ஸ் இலவசம், உடனடி. ஒவ்வொரு எம்சிஎஸ்ஸுக்கும் (வேகப் படியின் எண், பெரிய எண் என்றால் அதிக வேகம்) வெற்றி வாய்ப்பு எவ்வளவு, எத்தனை முயற்சி, மின்ஸ்ட்ரல் எதைச் சிறந்த வேகமாக வைத்திருக்கிறது, எல்லாம் ஒரே திரையில். ஆனால் அது டிரைவர் சொன்ன கணக்கு. ஒரு ஃபிரேமுக்கு மின்ஸ்ட்ரல் வேகங்களின் வரிசை ஒன்றைக் கொடுக்கிறது: எம்சிஎஸ் 7, பிறகு 5, பிறகு 0 என்று வையுங்கள். ஃபிரேம் முதல் முயற்சியிலேயே 7-இல் போய்விட்டால், மிச்ச இடங்களில் டிரைவர் 'பயன்படவில்லை' என்பதற்கு -1 போட வேண்டும். போடாமல் விட்டால்? ஏசிகே, அதாவது 'வந்து சேர்ந்தது' என்ற பதில், எந்த வேகத்தில் கிடைத்தது என்பதை மின்ஸ்ட்ரல் பட்டியலின் கடைசி இடத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. 7 தோல்வி, 5 தோல்வி, 0 வெற்றி என்று பதிவாகும். அப்புறம் வேகம் எப்படி ஏறும்? அல்காரிதம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதற்குப் போன தகவல்தான் பொய்.

இதை அட்டவணையை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "பாரு, 7-இல் எதுவுமே போகல, எல்லாம் மரம் பண்ற வேலை" என்று அது சாதிக்கும். காற்றைப் பிடித்தால் கதை வேறு: எம்சிஎஸ் 7-இல் ஒரு ஃபிரேம், மறுபடி அனுப்பியது என்று குறிக்கும் ரீட்ரை பிட் இல்லை, அடுத்ததே பதில். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் பிழை.

மானிட்டர் மோடிலும் வில்லங்கம் உண்டு. பிடிக்கும் கார்டு அனுப்பும் ரவுட்டருக்கு அருகில் இருக்க வேண்டும். மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தால் அதுவும் இலைக்குத்தான் பலி. ஒற்றை ஆன்டெனா கார்டு, இரண்டு ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்ட்ரீமாகப் போகும் ஃபிரேமைப் படிக்காது, அங்கே ஒன்றுமே நடக்காததுபோல் காட்டும்.

வேகத்தை ஒரே இடத்தில் பூட்டுவது இன்னொரு வழி. அட்டவணையில் உள்ள எண்ணை டீபக்எஃப்எஸ்ஸின் ஃபிக்ஸ்ட் ரேட் (fixed_rate_idx) கோப்பில் எழுதினால் போதும், விடுவிக்க 4294967295. எம்சிஎஸ் 7-இல் பூட்டியும் இணைப்பு நன்றாக ஓடினால் மரத்தை விடுதலை செய்துவிடலாம். நான் முதலில் செய்வது இதைத்தான், ஐந்து நிமிட வேலை.

வேகத்தை ஃபர்ம்வேரே (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தேர்ந்தெடுக்கும் சிப்புகள் வேறு சங்கதி. அங்கே மின்ஸ்ட்ரலும் இல்லை, அதன் அட்டவணையும் இல்லை. ஏணியோடும் லேப்டாப்போடும் மரத்தடிக்குப் போய்க் காற்றைத்தான் கேட்க வேண்டும்.