ஜிப்ஸி கிளட்ச்: ஃப்ளைவீலுக்கு ஃபேஸிங் போட்டேன், பிரஷர் பிளேட்டுக்குப் போடவில்லை

என் வண்டி 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸி கிங். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளும் மேட்டுப்பாளையம் மலைப்பாதையும்தான் அதற்கு அன்றாடப் பாடு. ஆயில் குடிக்க ஆரம்பித்ததும் இன்ஜினை இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் வேலை) செய்யக் கோயம்புத்தூரில் விட்டேன். கிளட்ச்சும் அப்போது சரியில்லை. இன்ஜினோடு சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல்; பிரஷர் பிளேட் டிஸ்க்கை அதன் முகத்தில் அழுத்திப் பிடிக்கும்போதுதான் இழுவை கியர்பாக்ஸுக்குப் போகும். லோடோடு மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டி முழுக்க உதறும்.

மெக்கானிக், "கிளட்ச் செட் புதுசு போட்டுடலாம் சார், ஃப்ளைவீலைத் தொட வேண்டாம்" என்றார். லேத் பட்டறையில் கேட்டால், "செட் எதுக்கு? ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் ரெண்டுக்கும் ஃபேஸிங் போட்டு, டிஸ்க்குக்கு லைனிங் ஒட்டிடலாம்" என்றார்கள். ஃபேஸிங் என்றால் உராயும் முகத்தை மெல்லியதாகச் சீவிச் சமமாக்குவது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஃப்ளைவீலை மட்டும் அரைத்து, டிஸ்க், பிரஷர் பிளேட், கிளட்ச்சை மிதிக்கும்போது பிளேட்டின் ஸ்பிரிங்கை அழுத்தும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டேன். சில வருஷம் ஓட்டிய பிறகும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

ஃப்ளைவீல் முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, டிஸ்க் உராயும் வளையத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் அங்கங்கே இருந்தன. ரன்அவுட், அதாவது சுழலும்போது முகம் முன்னும் பின்னும் ஆடும் அளவு, சுசுகி மேனுவல் சொல்லும் 0.2 மி.மீ. எல்லைக்குள்தான் இருந்தது. அதனால்தான் மெக்கானிக் தொட வேண்டாம் என்றார். ஆனால் உதறலுக்குக் காரணம் அந்தத் திட்டுகள்தான் என்று எனக்குப் பட்டது. கிளட்ச் ஸ்லிப் ஆகிச் சூடேறும்போது வார்ப்பிரும்பு அந்த இடங்களில் மட்டும் கெட்டிப்பட்டுப் போகும். சுற்றியுள்ள இரும்பு தேயும், திட்டு தேயாது. புது டிஸ்க்கை அதன் மேல் வைத்தால் முதல் நாளிலிருந்தே மேடுபள்ளத்தில்தான் அது பிடிக்கும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. லேத்தில் கடைந்தால் டூல் அந்தக் கெட்டித் திட்டின் மேல் ஏறி இறங்கிவிடும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், விரல் நகத்தால் வருடினால் மேடு தட்டுப்படும். அதனால் சர்ஃபேஸ் கிரைண்டிங்தான் வேண்டும் என்று கேட்டு, கல்லில் அரைக்கச் சொன்னேன். எடுத்தது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. திட்டுகள் போய்விட்டன, விரிசல் எதுவும் இல்லை. ஆழமான விரிசல் இருந்திருந்தால் அந்த ஃப்ளைவீலை ஒதுக்கியிருப்பேன். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுச் சுற்றும் கனமான இரும்பு, காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பட்டறையில் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியது டவல் பின்களை. பிரஷர் பிளேட் கவர் உட்காரும் இந்தச் சின்னப் பின்களைக் கழற்றச் சோம்பல்பட்டு, நடு வளையத்தை மட்டும் அரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் டிஸ்க் உள்ளே இறங்கிவிடும், கவர் பழைய உயரத்திலேயே நிற்கும், அழுத்தம் குறைந்துவிடும். ஜிப்ஸி ஃப்ளைவீல் தட்டையானது. பின்களைக் கழற்றிவிட்டு, போல்ட் முகத்தையும் சேர்த்து ஒரே மட்டத்தில் எடுத்தால் இந்தக் கணக்கு மாறாது. மொத்த செட்டும் இன்ஜின் பக்கம் துளி நகரும், அவ்வளவுதான். அந்தத் துளியைக் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் சரிக்கட்டிவிடும்.

பிரஷர் பிளேட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் முகத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு டிஸ்க் தேய்ந்துபோனதற்குச் சமம். பிளேட்டை அழுத்தும் டயஃப்ரம் ஸ்பிரிங் அந்த அளவுக்குத் தளர்ந்த நிலையில்தான் வேலையைத் தொடங்கும். போதாததற்கு, என் பழைய பிளேட்டில் ஸ்பிரிங் விரல்களின் நுனி ரிலீஸ் பேரிங் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தது. முகத்தை அரைத்தால் அது சரியாகுமா? டிஸ்க்கில் லைனிங் முகத்திலிருந்து ரிவிட் தலை வரையுள்ள ஆழம் 0.5 மி.மீ.க்கும் குறைந்துவிட்டால் மாற்ற வேண்டும். என்னுடையது ஏறக்குறைய முகத்தோடு முகமாக இருந்தது. லைனிங் ஒட்டினாலும் நடுவில் அதிர்வைத் தாங்கும் டாம்பர் ஸ்பிரிங்குகள் பழசுதானே? அவை கையால் அசைத்தாலே ஆடின.

இன்ஜின் வெளியே இருந்தபோதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றினோம். புது டிஸ்க்கில் ஆயில் பட்டால் செய்த செலவெல்லாம் வீண். மாட்டுவதற்கு முன் ஃப்ளைவீல் முகத்தைப் பெட்ரோலில் துடைத்த பிறகு யாரையும் கை வைக்க விடவில்லை.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை மலையில் லோடு ஏற்றவில்லை. ஆரம்பத்தில் லேசான வாடை வந்தது, பிறகு நின்றது. மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது இருந்த உதறல் முதல் நாளே போய்விட்டது, திரும்ப வரவில்லை. செங்குத்தான பாதையில் 4எல் (நான்கு சக்கர இழுவையின் லோ கியர்) போட்டு ஏறும் பழக்கமும் கிளட்ச்சைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

சமீபத்தில் இரண்டாம் கியர் சிங்க்ரோ வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோது உள்ளே பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஃப்ளைவீல் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், மெல்லிய வட்டக் கோடுகள் மட்டும். நீலம் ஓரிடத்திலும் இல்லை. ரிவிட்டுகள் நல்ல ஆழத்தில் இருந்தன. அதே டிஸ்க்கைத் துடைத்துத் திரும்ப மாட்டினோம்.

குறை ஒன்று உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டால், காலையில் முதல் தடவை எடுக்கும்போது சின்ன நடுக்கம் வரும். ஈரத்தில் ஃப்ளைவீல் முகத்தில் படியும் மெல்லிய துருதான் காரணம். நாலைந்து முறை கிளட்ச் விட்டதும் போய்விடுகிறது.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். இப்போதைய டீசல் கார்கள் பலவற்றில் டூயல் மாஸ் ஃப்ளைவீல், அதாவது இரண்டு பாகமாகச் சேர்ந்தது. அதற்குள் ஸ்பிரிங்குகள் இருக்கும், ஆட்டம் கூடியிருந்தால் முகத்தை அரைப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். உராயும் முகமும் கவர் உட்காரும் முகமும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும் ஃப்ளைவீல் என்றால், இரண்டிலும் ஒரே அளவு எடுத்து, பழைய இடைவெளி அப்படியே இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே பட்டறையிலிருந்து வாங்குங்கள்.