ட்ரான் கேபினட்: ஒரு எல்இடி போனால் மிச்சக் கோடும் போச்சு

'ட்ரான்' என்ற ஹாலிவுட் படத்தில் வருவது போல ஒளிக்கோடுகள் ஓடும்படி நானே செய்த கம்ப்யூட்டர் கேபினட் இது. அதன் முன்பக்கக் கோடு பாதியோடு இருட்டாகிப் போனதால் கேபினட்டைப் பிரித்து, எல்இடி மாற்றி, இப்போதுதான் மூடினேன். இந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன், "நானும் இதே மாதிரி ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன், எப்படிடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது. எரிச்சல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் காரணம் புரிந்திருக்கும்.

உள்ளே என்ன போர்டு, என்ன கார்டு என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. ஏடிஎக்ஸ் எனும் வழக்கமான அளவு மதர்போர்டு உட்காரும் சாதாரண இரும்பு கேபினட். அதன்மேல் 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக்கில் லேசரால் கோடு வெட்டிய தகடுகள். கோட்டுக்குப் பின்னால் பால் நிற அக்ரிலிக், அதற்கும் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது எல்இடிகளை வரிசையாகப் பதித்த பட்டை. 'ட்ரான்' பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1982-இல் வந்த அந்தப் படத்தில் உடைகளில் ஓடும் ஒளிக்கோடுகள் உடையில் வைத்த எந்த விளக்கிலிருந்தும் வந்தவை அல்ல. கணினிக்குள் நடக்கும் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிய ஃபிலிம் தாளில் பெரிதாக்கி, பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, நிற ஃபில்டர் வைத்து மறுபடி படம்பிடித்தார்கள். 2010-இல் வந்த அடுத்த பாகத்தில்தான் உடைக்குள்ளேயே நிஜமாக ஒளிரும் பட்டைகளை வைத்தார்கள். அதாவது நாம் மயங்கும் அந்தக் கோட்டில் பல்பு என்ற ஒன்றே கண்ணில் படாது. முழுக்கோடும் ஒரே சீராக எரியும், சுற்றிலும் கும்மிருட்டு. கேபினட்டில் அதைக் கொண்டுவருவது லேசு என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்ட்ரிப்பை ஒட்டி ஸ்விட்சைப் போட்டால் கிடைப்பது புள்ளி புள்ளியாக மின்னும் சீரியல் செட்தான்.

புள்ளி தெரியாமல் இருக்க ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு எல்இடிகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஸ்ட்ரிப்புக்கும் பால் அக்ரிலிக்குக்கும் நடுவே குறைந்தது அவ்வளவு இடைவெளி வேண்டும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் என்றால் கிட்டத்தட்ட 17 மி.மீ. ஆழம். பக்கவாட்டுத் தகட்டில் அவ்வளவு இடம் கிடையாது, கேபினட் கர்ப்பிணி போல வீங்கிவிடும். மீட்டருக்கு 144 என்றால் 7 மி.மீ. போதும். அழகு கெடாது, தகடும் மெலிதாக இருக்கும். எனவே 144. செத்துப்போக வாய்ப்புள்ள எல்இடிகளின் எண்ணிக்கையும் அதே கையோடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

என் எரிச்சலுக்கு மூலமே இதுதான். இந்த வகை ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. எங்கும் கிடைப்பது டபிள்யூஎஸ்2812பி என்ற வகை. முதல் சிப், எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று வரும் டேட்டாவில் தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளுகிறது. அது தன் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மறுபடி தள்ளுகிறது. வாத்தியார் முதல் பெஞ்சில் தாள் கட்டைக் கொடுத்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு பின்னால் அனுப்பச் சொல்வது மாதிரி. நடுவில் ஒருத்தன் தூங்கிவிட்டால் அவனுக்குப் பின்னால் உள்ள யாருக்கும் தாள் கிடையாது. அந்த எல்இடிகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், கரண்டும் வந்துகொண்டிருக்கும். ஆனால் கோடு அங்கேயே முறிந்துவிடும். சில நேரம் பின்பாதி ஏதோ ஒரு நிறத்தில் உறைந்து நிற்கும், அது இன்னும் அசிங்கம்.

சரி, செத்தது எது என்று பார்த்து மாற்றலாம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். கடைசியாக எரியும் எல்இடியின் வெளியீடு போயிருக்கலாம், அல்லது முதலில் அணைந்து கிடக்கும் எல்இடியின் உள்ளீடு போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். ஆகவே இரண்டையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். 144 ஸ்ட்ரிப்பில் 5 மி.மீ. அகலமுள்ள சிப்புகளுக்கு நடுவே 2 மி.மீ. இடம்தான், சால்டரிங் அயன் கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்து எல்இடியின் முகம் கருகிவிடும். சிலிகோன் பூச்சு போட்ட ஸ்ட்ரிப் என்றால் முதலில் அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். நல்ல பொறுமைசாலியையும் கெட்ட வார்த்தை பேசவைக்கும் வேலை.

எல்இடி ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்கிறார்களே என்று கேட்பீர்கள். உழைக்கும்தான். அட்டையில் போட்டிருக்கும் மணிக்கணக்கு வெளிச்சம் மங்குவதைப் பற்றியது. இங்கே சாவதோ சூட்டில் விரிந்து சுருங்கும் சால்டர் இணைப்பு, வளைத்து ஒட்டிய மூலை, ஸ்டாடிக் அதிர்ச்சி இவற்றால். காற்றே போகாத பள்ளத்தில் நெருக்கமாக அடுக்கிவிட்டு அவற்றைக் குறை சொல்வது நியாயமில்லை. அலுமினிய சேனலில் ஒட்டி, பிரைட்னஸை 30 சதவீதத்துக்கு இறக்கிய பிறகு நிலைமை நிறைய தேறியிருக்கிறது. இருட்டு அறையில் அந்த 30 சதவீதம்தான் படத்தில் வருவது போலவும் இருக்கிறது, முழு வெளிச்சத்தில் கடை விளம்பரப் பலகைதான்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லியாம்ப் வரை இழுக்கும். 144-க்கு எட்டரை ஆம்ப். மதர்போர்டில் ஸ்ட்ரிப்பைச் சொருகும் மூன்று பின் 5 வோல்ட் ஹெடர் பெரும்பாலும் 3 ஆம்ப்தான் தாங்கும். ஆகவே டேட்டாவும் கிரவுண்டும் மட்டும் போர்டிலிருந்து, 5 வோல்ட்டும் அதற்கான கிரவுண்டும் நேராக எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையிலிருந்து. நீளமான கோட்டுக்கு இரண்டு முனையிலும் கரண்ட் கொடுங்கள், இல்லையென்றால் வெள்ளை போட்டுப் பார்க்கும்போது கடைசி முனை மஞ்சளடிக்கும். நான்கு பின் ஹெடர் 12 வோல்ட். அதில் இந்த ஸ்ட்ரிப்பைச் சொருகினால் அத்தோடு கதை முடிந்தது.

பளபளக்கும் கறுப்பு அக்ரிலிக்கைப் பற்றித் தனியாகப் புலம்ப நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும்: லேசரில் வெட்டிய ஓரத்தை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், மயிரிழை போல வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம். படத்தில் நல்லவர்களுக்கு நீலம், எதிரிப் பக்கத்துக்குச் சிவப்பு. இரண்டாம் பாகத்தில் அது ஆரஞ்சு. மதர்போர்டு மென்பொருளில் வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் வசதி இருந்ததால், கிராபிக்ஸ் கார்டு 80 டிகிரியைத் தாண்டினால் கோடுகள் ஆரஞ்சாகட்டும் என்று விளையாட்டாக வைத்தேன். இன்று இந்த கேபினட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். எப்போதும் நீலத்திலேயே ஓடும் ஒரு கேம் திடீரென்று ஆரஞ்சுக்குப் போகிறது என்றால் தூசி ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று பொருள். கழற்றித் தட்டி மாட்டினால் கோடு மறுபடி நீலம். திரையின் மூலையில் எண் ஓடவிட்டால் கண் அதைப் பார்ப்பதே இல்லை. மேசை ஓரம் நிறம் மாறினால் தலை தானாகத் திரும்புகிறது. வெறும் அலங்காரத்துக்கு என்று வைத்தது இப்படி வேலைக்கும் ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

வேலைக்கு ஆகிறது, படத்தைப் போலவும் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பனுக்கு நான் கொடுத்த பதில்: வேண்டாம்டா, செய்யாதே. கண்ணாடிக் கதவு உள்ள ரெடிமேட் கேபினட் ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு. "அப்போ உன்னுடையதை எனக்குக் கொடுத்துடு" என்றான். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

செய்தே தீருவேன் என்று நிற்பவர்களுக்கு: மேலே சொன்ன டபிள்யூஎஸ்2812பி போன்ற மூன்று வயர் ஸ்ட்ரிப்பைத் தொடாதீர்கள். டபிள்யூஎஸ்2813 வகையில் பேக்கப் டேட்டாவுக்கு நான்காவதாக ஒரு வயர் உண்டு. ஒரு எல்இடி போனாலும் அதைத் தாண்டி டேட்டா போய்விடும், அடுத்தடுத்து இரண்டு போனால்தான் கோடு முறியும். எல்இடி சேனலைப் பசை போட்டு மூடாமல் திருகில் மாட்டுங்கள். எப்படியும் ஒருநாள் கழற்றத்தான் போகிறீர்கள்.